அவசரத் தரையிறக்கமும் அவசரச் செய்தியும்

குலசேகரன்பட்டினம் என்றதும் வெளியூராருக்கு முன்பெல்லாம் முத்தாரம்மன் கோயில் தசராதான் நினைவுக்கு வரும். இப்பொழுது ராக்கெட்டும் சேர்ந்துகொண்டது. நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றே நம் கடற்கரையிலிருந்து ரோகிணி வகையைச் சேர்ந்த சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றும் ஏவப்பட்டது. விழாவையொட்டி நாளேடுகளில் வந்த ஒரு விளம்பரத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதிலிருந்த ராக்கெட்டின் உச்சியில் சீன நாட்டுக் கொடி இருந்தது! நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ராக்கெட் எப்படி வேலை செய்கிறது என்ற பேச்சு மட்டும் அந்த ஆரவாரத்தில் காதில் விழவில்லை.

வானத்தில் பறப்பதைப் பற்றித் தரையில் இருப்போர் எழுதும்போது பிழை நேர்வது புதிய நோய் அன்று. விமானம் பிறந்த மறுநாளே அது தொடங்கிவிட்டது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்வெளியில் நான்கு முறை பறந்தனர். முதற்பறத்தல் 12 விநாடி, 120 அடி. மிக நீண்டது 59 விநாடி, 852 அடி, அதாவது சுமார் 260 மீட்டர். மறுநாள் நார்ஃபோக் நகரத்து நாளேடு ஒன்று மூன்று மைல் தூரம் பறந்ததாகக் கொட்டை எழுத்தில் வெளியிட்டது. உண்மையைப் போல் ஏறத்தாழ 18 மடங்கு! மனிதன் பறந்தான் என்ற மாபெரும் உண்மை போதாதென்று அதற்கு மேலும் அலங்காரம் தேவைப்பட்டது போலும்.

விமானச் செய்திகளுள் பிழை மிகுந்து காணப்படுவது அவசரத் தரையிறக்கம் பற்றிய செய்திகளில்தான். அதிலும் பழங்கால விமானம் ஒன்று எங்கேனும் வயலில் இறங்கிவிட்டால் போதும். 'ஓட்டை விமானம்', 'நூலிழையில் உயிர் தப்பினர்', 'எஞ்சின் நின்று கீழே விழுந்தது' என்றெல்லாம் தலைப்புகள் எழும். உண்மையில் நடப்பது என்ன?

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. மணப்பாட்டிலிருந்தோ ஆலந்தலையிலிருந்தோ கடலுக்குப் போன படகு, காற்று மாறிவிட்டால் சொந்தக் கரைக்கே திரும்ப வேண்டுமென்று அலையோடு மல்லுக்கட்டுவதில்லை. எட்டக்கூடிய கரை எதுவோ அதைப் பிடித்துவிடும். அதை நாம் 'படகு கவிழ்ந்தது' என்று சொல்வோமா? மாட்டோம். 'கரை பிடித்தார்கள்' என்போம். தூத்துக்குடித் தோணிகளில் தண்டலின் திறமையை அளக்க இதுவும் ஓர் அளவுகோல். விமானி செய்யும் அவசரத் தரையிறக்கமும் இவ்வாறு கரை பிடிப்பதே. விபத்தைத் தவிர்க்கச் செய்யும் செயலை விபத்தென்றே எழுதுவது முதற்பிழை.

இதில் வகைகள் உண்டு. எஞ்சின் நின்றுவிட்டது, இனி இறங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இறங்குவது கட்டாயத் தரையிறக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எண்ணெய் அழுத்தம் குறைகிறது, அல்லது மேகம் கவிகிறது, அல்லது பொழுது சாய்கிறது. இனியும் போவது நன்றன்று என்று விமானி தானே முடிவு செய்து இறங்குவது முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம். நீரில் இறங்குவது தனி வகை. வானொலியில் சொல்லும் சொற்களும் இதற்கேற்ப வேறுபடும். உயிருக்கு ஆபத்து என்றால் 'மேடே' என்று மூன்று முறை கூறுவர். உதவி தேவை, ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான்-பான்'. முன்னது 1920-களில் லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் உருவான சொல். 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஒட்டி அமைந்தது. இவ்வளவு வேறுபாடுகளையும் செய்தித்தாள் 'அவசரம்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறது.

இரண்டாவது பிழை, எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்பது. விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அன்று. இறக்கையின் மேல் ஓடும் காற்று. எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றே தாழ்த்துவார். தன் எடையால் விமானம் சரிந்து முன்னேறும், வேகம் குறையாது, இறக்கை தொடர்ந்து தாங்கும். சரிவுப் பாதையில் மிதிக்காமலே உருளும் சைக்கிளை நினைத்துக்கொள்க. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்ற சிறிய பழைய விமானம் ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். நம் ஊருக்கு மேலே அப்படி நேர்ந்தால், காற்றும் இடங்கொடுத்தால், மணப்பாட்டுக் கடற்கரையைத் தாண்டியும் சென்று இடம் பார்த்து இறங்கலாம். எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வி. தேரி மணல் பார்ப்பதற்கு மெத்தை போலிருக்கும். ஆனால் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். அலை நனைத்து இறுகிய ஈரமணல் அதைவிட மேல்.

இங்கேதான் பழைய விமானங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. டைகர் மாத் போன்ற இரட்டை இறக்கை விமானம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டுவிடும். இன்றைய பெரிய ஜெட் விமானம் தரை தொடும்போது மணிக்கு 240 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பௌதிக வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? வேகம் மூன்றரை மடங்கு கூடினால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 12 மடங்கு கூடுகிறது. ஆகவே பழைய விமானத்துக்கு ஒரு பந்து மைதானம் போதும். ஜெட்டுக்கு நீண்ட ஓடுதளம் வேண்டும்.

அப்படியானால் பழைய விமானங்களின் எஞ்சின் ஏன் நிற்கிறது? 'பழசு' என்பது விடை அன்று. பறக்கும் நிலையில் காக்கப்படும் பழைய விமானங்களின் எஞ்சினைக் குறித்த மணிக்கணக்கில் பிரித்துச் சோதித்துச் சேர்ப்பார்கள். தீப்பொறிக்கு மாக்னெட்டோவும் பெரும்பாலும் இரண்டு உண்டு; ஒன்று கெட்டாலும் மற்றது ஓட்டும். எனினும் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உள்ளது. அது பனிக்கட்டி! வெயில் 25 டிகிரி இருக்கும் நாளிலும் எஞ்சினின் கார்புரேட்டருக்குள் பனி உறையும் என்றால் நம்ப முடிகிறதா? மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதால். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகிறது. குறுகிய வழியில் காற்றும் விரைந்து விரிகிறது. இவ்விரண்டாலும் உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கக்கூடும். காற்றிலுள்ள ஈரம் உறைந்து வழியை அடைக்கும். எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். வெப்பக் காற்றை உள்ளே விடும் விசையை விமானி முன்கூட்டியே இழுப்பது இதைத் தடுக்கவே. இதில் வேடிக்கை என்னவென்றால், விமானம் இறங்கி, ஆட்கள் வந்து மூடியைத் திறந்து பார்ப்பதற்குள் பனி உருகிவிடும். சாட்சியே கரைந்து போன வழக்கு! ஆனால் மாலைப் பதிப்பில் காரணம் அச்சாகியிருக்கும்.

காரணம் அறியக் காலம் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2015-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் திரைப்பட நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, 1942-இல் செய்யப்பட்ட ரையான் பயிற்சி விமானத்தில் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகாவிலிருந்து கிளம்பினார். சற்று நேரத்தில் எஞ்சின் வலுவிழந்தது. வீடுகள் நிறைந்த அந்தப் பகுதியில் அவர் ஒரு கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்து இறங்கினார். அவருக்குப் பலத்த காயம். தரையில் இருந்த எவருக்கும் தீங்கில்லை. 'நடிகர் விமானம் நொறுங்கியது' என்ற செய்தி சில நிமிடங்களில் உலகைச் சுற்றிவிட்டது. கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஒரு சிறு திருகு தளர்ந்து கழன்றிருந்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது மாதங்கள் கழித்து. அந்தத் திருகைப் படித்தவர் எத்தனை பேர்?

பழைய விமானங்கள் புதியனவாக இருந்த காலத்தில் கரை பிடிப்பது அன்றாட வேலை. இதற்கு ஏமி ஜான்சனை விடச் சிறந்த சான்று இல்லை. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் மீன் வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். தம் சிறிய ஜிப்ஸி மாத் விமானத்துக்குத் தந்தையின் வணிகச் சின்னமான 'ஜேசன்' என்பதையே பெயராக வைத்தார் என்றால் நம் மீனவச் சகோதரிகளுக்கு அவரைப் பிடித்துப்போகும். 1930-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் குரோய்டனிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி மே 24-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தார். அந்த வழியில் அவர் பிடித்த கரைகளைப் பாருங்கள். பாக்தாத்தை அடையுமுன் மணற்புயலில் கண் தெரியாமல் பாலைவனத்தில் இறங்கி, பெட்டிகளைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். கராச்சியிலிருந்து அலகாபாத்துக்கு வரும் வழியில் பெட்ரோல் குறையவே, ஜான்சியில் படைவீரர் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். இறக்கை அடிபட்டது, உள்ளூர்த் தச்சர் ஒருவர் செப்பனிட்டுத் தந்தார். ரங்கூனுக்கு அருகில் விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. அங்கும் உதவிக்கு ஆட்கள் திரண்டனர். தச்சருக்கும் தையற்காரருக்கும் எட்டுகிற பொறியாக விமானம் இருந்த காலம் அது. மரச்சட்டமும் துணி உறையும்தானே!

இதைப் பத்திரிகைகள் எவ்வாறு எழுதின? 'டைப்பிஸ்ட் பெண்' என்று எழுதின. அவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் அவர் ஷெஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டதாரி. விமானப் பொறிகளைச் செப்பனிட்டுச் சான்றளிக்கும் தரைப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண்மணியும் அவரே. எஞ்சினைத் தம் கையால் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் ஒவ்வோர் இடத்திலும் பிழைத்தெழுந்தால் அதற்குப் பெயர் திறமை. தட்டச்சுப் பெண் பிழைத்தெழுந்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை கைநழுவிவிட்டது. பெண்கள் வானில் செய்தவற்றைப் பற்றிய பல பழைய செய்திகளை இந்தக் கண்கொண்டு மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது என்பது எங்கள் கருத்து. தீமோர் தீவில் குறித்த இடத்தை விட்டு வேறொரு கிராமத்தில் இறங்கியபோதோ, ஏமியைக் காணவில்லை என்று செய்தி பரவியது. அவர் பத்திரமாகத் தரையில்தான் இருந்தார்.

தந்தி இல்லாத இடத்தில் விமானம் இறங்கினால் செய்தி நிற்கும். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களே பெரும்பிழைகளைச் செய்திருக்கிறார்கள். 1927-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் பிரெஞ்சு வீரர்கள் நுங்கெஸ்ஸேயும் கோலியும் 'வெள்ளைப் பறவை' என்ற விமானத்தில் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டனர். இரண்டு நாளில் பாரிஸ் ஏடான 'லா பிரெஸ்', அவர்கள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கிய காட்சியை வர்ணனையோடு வெளியிட்டது. மக்கள் வீதியில் கொண்டாடினர். ஆனால் அவ்விருவரும் எங்குமே போய்ச் சேரவில்லை. இன்றுவரை தடயம் உறுதியாகக் கிடைக்கவில்லை. ஏமாந்த மக்களின் சினம் அந்த ஏட்டின் மேல் திரும்பியது.

நம் நாட்டில் இதன் மறுபக்கம் நடந்தது. 1942-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், சுபாஷ் சந்திரபோஸ் விமான விபத்தில் இறந்தார் என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அறிவித்தது. காந்தியடிகள் போஸின் தாயாருக்கு அனுதாபத் தந்தி அனுப்பினார். செய்தி பொய் என்று தெரிந்ததும் மகிழ்ச்சி தெரிவித்து மறுபடி தந்தி அடித்தார். அந்த நாட்களில் தோக்கியோ மாநாட்டுக்குச் சென்ற வேறு இந்தியப் பிரதிநிதிகள் சிலர் விமான விபத்தில் இறந்தது மட்டும் உண்மை. அந்தத் தாய் இரண்டு தந்திகளுக்கும் இடையே கழித்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போன படகு பற்றி ஆளுக்கொரு பேச்சு எழும் இரவுகளைக் கண்ட நம் கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் தைவானில் நடந்த விபத்தில் போஸ் இறந்தார் என்ற செய்தி வந்தபோது, பலர் நம்ப மறுத்தனர். 1956-இல் ஒன்றும், 1970-களில் ஒன்றும், 1999-இல் தொடங்கி ஒன்றுமாக மூன்று விசாரணைகள் நடந்தன. முதலிரண்டும் அவர் விபத்தில் இறந்ததாகக் கூற, மூன்றாவது மறுத்தது. அந்த மறுப்பை அரசு ஏற்கவில்லை. ஒருமுறை பொய்யான செய்திக்கு மறுமுறை அத்தனை எளிதில் காது கிடைப்பதில்லை.

1949-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் நடந்தது நல்ல முடிவுடைய கதை. ராஜஸ்தான் ஒன்றியத்தைத் தொடங்கிவைக்கச் சர்தார் பட்டேல், மகள் மணிபென்னோடு டெல்லியிலிருந்து ஜெய்ப்பூருக்கு டவ் வகை விமானத்தில் புறப்பட்டார். வழியில் ஓர் எஞ்சின் பழுதாயிற்று. வானொலித் தொடர்பும் அறுந்தது. விமானம் போய்ச் சேரவேண்டிய நேரம் கடந்தும் சேரவில்லை. துணைப் பிரதமரைக் காணவில்லை என்ற கவலை டெல்லியைச் சூழ்ந்தது. இரவு வெகு நேரங்கழித்தே அவர் நலம் என்ற செய்தி வானொலியில் வந்தது. விமானி ஜெய்ப்பூருக்கு வடக்கே ஷாபுரா அருகில் வறண்ட ஆற்றுப் படுகையில் விமானத்தை இறக்கியிருந்தார். மறுநாளே பட்டேல் ஜெய்ப்பூர் விழாவில் ராஜஸ்தானைத் தொடங்கிவைத்தார். அந்த இரவில் 'காணவில்லை' என்பதோடு நின்றிருந்தால் அது செய்தி. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்திருந்தாலும் அது வதந்தி.

இன்று தந்தியும் இல்லை, மௌனமும் இல்லை. ஆயினும் 2025-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் நம் அண்டை நகரமாகிய திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் இறங்கியபோது நடந்ததைப் பாருங்கள். உலகின் மிகப் புதிய விமானங்களுள் ஒன்று அது. வானிலை மோசமாகி, எரிபொருளும் குறைந்ததால் அருகிலிருந்த கரையைப் பிடித்தது. பின்பு புறப்பட இருந்த நேரத்தில் ஹைட்ராலிக் பழுது தெரிய, ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. அதற்குள் அதை விற்பனைக்கு வைத்திருப்பதாக ஒரு போலி விளம்பரம் வரைக்கும் கேலிகள் உலவின. இறங்கிய காரணம் ஒன்று, தங்கிய காரணம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொன்னவர்களைத் தேட வேண்டியிருந்தது. வயதுக்கும் கரை பிடிப்பதற்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் அந்தப் புத்தம்புது விமானம் நன்றாகவே விளக்கிவிட்டது.

இனி ஒரு நுட்பமான பிழை. இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியல் அறிஞரிடம் அமெரிக்கர் ஒரு கேள்வி கேட்டனர்: குண்டடி பட்டுத் திரும்பும் விமானங்களில் எந்தப் பகுதிக்குக் கவசம் போடலாம்? துளைகள் மிகுந்த இடத்துக்கு என்றுதான் நமக்குத் தோன்றும். வால்டின் வழி வேறு. திரும்பி வந்தவை அத்தனை துளைகளோடும் பிழைத்தவை. எஞ்சினில் துளையோடு வந்தவை குறைவென்றால், அங்கே அடிபட்டவை திரும்பவில்லை என்று பொருள். கண்ணில் படாதவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் அவர். செய்தித்தாளில் இது தலைகீழாக நடக்கிறது. விழுந்த விமானங்களே நம் கண்ணில் படுகின்றன. எஞ்சின் நின்றும் ஒரு வயலில் அமைதியாக இறங்கி, பழுது பார்த்து, மறுநாள் எழுந்து சென்றவை படுவதில்லை. படுவதை மட்டும் எண்ணிக்கொண்டு, 'பெண்பிள்ளைக்கு விமானி வேலை வேண்டாம்' என்று முடிவு செய்யும் பெற்றோரும் உண்டு. வால்டு 1950-ஆம் ஆண்டு சொற்பொழிவுகளுக்காக இந்தியா வந்தார். டிசம்பர் 13-ஆம் நாள் அவரும் மனைவியும் சென்ற டகோட்டா விமானம் நம் நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதியது. எவரும் பிழைக்கவில்லை. இவ்வளவு பெரிய அறிஞர் தமிழ்நாட்டு மண்ணில் மறைந்தார் என்பது நம் பாடநூல்களில் எங்கள் கண்ணில் படவில்லை.

நல்லபடியாக இறங்கியதற்காகவே செய்தியான பழைய விமானமும் ஒன்றுண்டு. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், 78 வயதான ஜே.ஆர்.டி. டாடா ஒரு லெப்பர்ட் மாத் விமானத்தில் தனியாகக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து இறங்கினார். சரியாக 50 ஆண்டுகளுக்கு முன், 1932-இல் அதே நாளில், அதே வழியில், பஸ் மாத் விமானத்தில் அவர் தபால் கொண்டுவந்ததன் நினைவு அது. அந்தத் தபாலை 'இந்தியாவின் முதல் விமானத் தபால்' என்று எழுதுவோர் இன்றும் உண்டு; அது சரியன்று. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாளே அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களைப் பறந்து கொண்டுசேர்த்தார். 1932-இல் தொடங்கியது முறையான தபால் போக்குவரத்து. அதில் பம்பாய் வரைதான் டாடா ஓட்டினார். அங்கிருந்து பையை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.